யானையின் கால்

2019 ஜூலை 5 அன்று வரவு செலவுத் திட்டத்தை வாசித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், நடுவே பிசிராந்தையாரை மேற்கோள் காட்டினார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொல்லப்பட்ட அந்தப் புறநானூற்றுப் பாட்டை (184) நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். அவையில் சங்கத் தமிழ் ஒலித்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது வரியின் அளவை மட்டும் பேசும் பாட்டன்று. நெல்லை அறுத்துக் கவளமாகத் தந்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் போதும். யானை தானே வயலில் இறங்கினால், தின்பதைவிட மிதிபட்டு அழிவதே மிகுதி. புலவரின் கவலை காலைப் பற்றியது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை என் சொந்தக் கணக்குக்காகச் சில முறை புரட்டியிருக்கிறேன். ஒரு பிரிவு, அதன்கீழ் 'ஆயினும்' என்று தொடங்கும் வரம்புரை, அந்த வரம்புரைக்கு ஒரு வரம்புரை, பிறகு விளக்கம். (நச்சினார்க்கினியர் எவ்வளவோ எளியவர்.) சம்பாதித்த ஆண்டுக்கு 'முந்தைய ஆண்டு' என்று பெயர், அதற்கு அடுத்தது 'மதிப்பீட்டு ஆண்டு'. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஒருவரை நான் சந்தித்ததில்லை.

2025இல் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதைச் சீர்செய்ய முயன்றிருக்கிறது. ஏறத்தாழ 5.12 லட்சம் சொற்கள் 2.6 லட்சமாயின, 819 பிரிவுகள் 536 ஆயின, இரண்டு ஆண்டுகளுக்குப் பதில் 'வரி ஆண்டு' என்று ஒன்றே. 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற புகழ்பெற்ற சொல்லை எடுத்துவிட்டு 'இர்ரெஸ்பெக்டிவ்' என்று வைத்திருக்கிறார்கள். இதில் சாமானியனுக்கு என்ன எளிமை என்று கேட்கத் தோன்றினாலும், மொத்தத்தில் நல்ல வேலைதான், மறுப்பதற்கில்லை.

காலின் கதை வேறு. ஒரு வீட்டைச் சோதனையிடுமுன், அங்கே மறைத்த வருமானம் இருப்பதாக நம்புவதற்கான காரணத்தை அதிகாரிகள் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காரணத்தை எவருக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும்கூட, வெளியிடக் கூடாது என்று 2017இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. அதுவும் 1962 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டு! சொற்களைப் பாதியாக்கிய புதிய சட்டம் இந்த வாசகத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறது. கூடவே மின்னஞ்சலிலும் சமூக வலைத்தளக் கணக்கிலும் கடவுச்சொல்லைத் தாண்டிப் புகும் அதிகாரத்தையும் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது.

உயர் நீதிமன்றம் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம். ஆனால் கடையில் இருந்த ரொக்கம் முழுவதும் பறிமுதலான ஒரு சிறு வணிகர் அந்தப் படியேற வழக்கறிஞர் கட்டணத்துக்கு எங்கே போவார்? அவரோ ஒவ்வொரு ரூபாய்க்கும் வந்த வழி சொல்லியாக வேண்டும். தகவல் தந்தவரின் பெயரை மறைப்பது நியாயம். அதை அடித்துவிட்டு, சோதனை முடிந்த பிறகாவது, ஏற்கெனவே எழுதிவைத்த அந்தத் தாளின் நகலை அவரிடம் கொடுப்பதற்குப் புதிதாக ஒரு சட்டமும் வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தில் ஒரு வாக்கியத்தைக் குறைத்தால் போதும்.