தோசைக்கல்லுக்கு சோப்பு ஆகாதா?

சோப்பு பட்டா பழக்கின கல்லு பாழாயிடும்னு சொல்றதை நான் ஏத்துக்கறதில்ல. கல்லு மேல கருகருன்னு மின்னுறது வெறும் எண்ணெய் இல்லீங்க. சூட்டுல எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து, ஒண்ணோடொண்ணு பின்னி இறுகின படலம். எண்ணெய் பெயின்ட் காயிறதும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான். பிசுக்கை எடுக்கிற சோப்பு இதைக் கரைக்காது.

அப்போ சோப்பு ஆகாதுன்னு பாட்டி சொன்னது பொய்யான்னு கேப்பீங்க. இல்ல. காஸ்டிக் சோடா மிச்சமிருந்த அந்தக்கால சோப்பு படலத்தை நிஜமாவே தின்னும். இன்னிக்குப் பாத்திரம் கழுவுற திரவம் அப்படியில்ல. உண்மையான வில்லன் புளி. இரும்புச் சட்டியில புளிக்குழம்பை ராத்திரி பூரா விட்டா படலமும் போகும், குழம்பும் கறுக்கும். அடுத்தது ஈரம். கழுவினதும் அடுப்புல காயவச்சு, துளி எண்ணெய் தடவித் துடைச்சிடுங்க. உங்க வீட்டுல சோப்பு கட்சியா, சாம்பல் கட்சியா?