மண்ணுதானேன்னு சொல்லாதீங்க... மானாமதுரைக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்க!

பாண்டிச்சேரிக்கு டூர் போன உங்க ஃப்ரெண்ட் யாராவது ஒரு காபி மக் வாங்கிட்டு வந்திருப்பாங்களே, பார்த்திருக்கீங்களா? லேசா ஒரு பக்கம் கோணலா, கையில் பிடிச்சா நல்ல கனமா, நீலக் கிளேஸ் வழிஞ்சு பாதியில் நின்னுபோன மாதிரி இருக்கும். 'ஹேண்ட்மேட் ஸ்டோன்வேர்டா!'ன்னு ஹாஸ்டல் பூரா காட்டுவாங்க. விலை சில நூறு ரூபாய். கடையில் பேரம் பேசினியான்னு கேட்டுப் பாருங்க... சான்ஸே இல்லை!

அதே ஃப்ரெண்ட், ஏப்ரல் வெயிலில் ரோட்டோரம் அடுக்கி வெச்சிருக்கிற தண்ணிப் பானை முன்னால் நின்னா டயலாக்கே வேற. 'என்னண்ணே, வெறும் மண்ணுதானே... பாதி விலைக்குக் குடுங்க!'

ரெண்டுமே மண்ணு. ரெண்டுமே கை வேலை. ஒண்ணுக்கு மரியாதை, இன்னொண்ணுக்குப் பேரம். ஏன் இப்படி? சமயநல்லூர், பரவை, சோழவந்தான் பக்கம் இருக்கிறவங்களுக்கு விடை ரொம்ப தூரத்தில் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். ஊர் பேரு மானாமதுரை.

வைகை கூடவே வரும்

சமயநல்லூரில் இருந்து மதுரைக்கு டவுன் பஸ். அங்கிருந்து ரயில்னா ஜங்ஷனில் ராமேஸ்வரம் பாசஞ்சர். பஸ்ஸுன்னா மாட்டுத்தாவணி. மதுரையில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான்.

இந்த ரூட்டில் ஒரு விசேஷம் இருக்கு. நம்ம தேனூர் பக்கம் ஓடுற அதே வைகை, மதுரையைத் தாண்டி, உங்களோட சேர்ந்தே மானாமதுரைக்கு வருது. பாதி வருஷம் தண்ணி இல்லாட்டியும், அந்த ஆறும் அதை ஒட்டின கண்மாய்களும் காலம் காலமா சேர்த்து வெச்சிருக்கிற மண்ணுதான் இந்த ஊரோட சொத்து.

டைம் இருந்தா வழியில் கீழடியில் இறங்குங்க. 2015-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்ட ஆரம்பிச்சது. 2018-ல் இருந்து தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்தாச்சு. உள்ளே போனா தங்கத்தைத் தேடாதீங்க, பானை ஓட்டைப் பாருங்க. உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்புன்னு ஒரு வகை இருக்கும். தமிழி எழுத்து கீறின ஓடுகள் மட்டும் 56 கிடைச்சதா 2019-ல் வந்த மாநில அரசின் அறிக்கை சொல்லுது. 'ஆதன்'னு ஒரு ஓட்டில் பேரு இருக்கு. நாம ஹாஸ்டல் பக்கெட்டில் பேர் எழுதி வைக்கிற அதே கதைதான்! அங்கே கிடைச்ச ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580-ன்னு ஆய்வில் தெரிஞ்சிருக்கு. ஆக, வைகைக் கரையில் பானை வனையறது நேத்து வந்த தொழில் இல்லை.

குலாலர் தெருவுக்கு வழி கேளுங்க

மானாமதுரையில் இறங்கினதும் மெயின் ரோட்டுக் கடையோட நின்னுடாதீங்க. குலாலர் தெரு எதுன்னு கேட்டு நடங்க. வேலை நடக்கிற இடத்தைப் பார்க்கிறதுதான் ட்ரிப்பே. வாசலில் நின்னு, 'ஐயா, உள்ளே வந்து பார்க்கலாமா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ளே போங்க.

முதல்ல மண்ணைப் பாருங்க. செய்களத்தூர், சுந்தரநடப்பு, நெடுங்குளம்னு சுத்துவட்டாரக் கண்மாய்களில் இருந்து வர்ற மண். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம், அதனால கலந்துதான் எடுப்பாங்க. ஊற வெச்சு, கல், வேர் எல்லாம் நீக்கி, காலால் மிதிச்சுப் பதப்படுத்தணும். ஒரு சின்னக் கல்லோ காற்றுக்குமிழோ உள்ளே மாட்டிக்கிட்டா சூளையில் பானை வெடிச்சிடும். அதுவரைக்கும் பட்ட பாடெல்லாம் காலி.

சக்கரத்தில் பானை முளைக்கிறதை சினிமாவில் பார்த்திருப்பீங்க. சினிமா காட்டாதது அதுக்கு அப்புறம் நடக்கிறது. சக்கரத்தை விட்டு இறங்குற பானைக்கு அடிப்பாகம் திறந்தே இருக்கும். அது பாதி காய்ஞ்சதும், உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரத்தட்டியால் தட்டித் தட்டி அடியை மூடுவாங்க. தட்டத் தட்டத்தான் சுவர் ஒரே கனமாகும். அப்புறம் நிழலில் காயணும், வெயிலில் காயணும், கடைசியில் சூளை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் காயாது. அதாவது வேலை இல்லை, வருமானமும் இல்லை. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணம் தர்றது இதனாலதான்.

பானையா, இசைக்கருவியா?

இந்த ஊரோட ஸ்டார் ஐட்டம் கடம். கச்சேரியில் வித்வான் மடியில் உக்காந்திருக்குமே, அதேதான். மானாமதுரைக் கடம் மத்த ஊர்க் கடங்களை விடக் கனமா இருக்கும், நாதம் கணீர்னு வரும். மிருதங்கத்தைப் போல வாரை இழுத்து சுருதி சேர்க்கிற வசதி இதில் கிடையாது. அதனால எந்த சுருதி வேணுமோ அதுக்குன்னே தனியா ஒரு கடம் செய்யணும். அளவு, சுவரோட கனம், தட்டுற கை, சூளையின் சூடு... எது தப்பினாலும் சுருதி போச்சு! கடம் செய்யறதுக்காகவே சங்கீத நாடக அகாடமி விருது வாங்கின மீனாட்சி கேசவன் இந்த ஊர்க்காரர்தான். கடத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன விக்கு விநாயக்ராம், 1991-ல் வந்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் வாசிச்சதுக்காக கிராமி விருதையும் பார்த்துட்டார்.

இப்போ யோசிங்க. கடத்துக்கும் தண்ணிப் பானைக்கும் ஊர் ஒண்ணு, கை ஒண்ணு, சூளை ஒண்ணு. ஆனா கடம் வாங்க வர்ற வித்வான் 'வெறும் மண்ணுதானே'ன்னு சொல்றதில்லை. ஏன்னா எதைக் கேட்டு வாங்கணும்னு அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியலை. மேட்டர் அவ்வளவுதான்!

அப்போ ஸ்டோன்வேர்?

சாதாரண மண்பாண்டம் ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே வெந்துடும். ஸ்டோன்வேருக்கு வேற வகைக் களிமண், சுமார் 1,200 முதல் 1,300 டிகிரி சூடு. அந்தச் சூட்டில் மண்ணு இறுகிக் கல்லு மாதிரி ஆயிடும், தண்ணி கசியாது. புதுசு இல்லை பாஸ்! பாட்டி வீட்டில் ஊறுகாய் போட்டு வெச்சிருக்கிற பழுப்பு, வெள்ளை ஜாடி இருக்கே, அதுவும் இந்த வகைதான். பாண்டிச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யை ஆரம்பிச்சாங்க. அங்கே கத்துக்கிட்டவங்க நாட்டின் பல ஊர்களில் சொந்த ஸ்டூடியோ போட்டாங்க. செஞ்சவர் முத்திரை, கிளேஸ் பத்தின கதை, அவரே சொல்ற விலைன்னு ஒரு பழக்கமும் கூடவே பரவிச்சு.

அதுக்காக மண்பானை மட்டம்னு அர்த்தம் இல்லை. ஸ்டோன்வேர் கூஜாவில் தண்ணி சில்லுனு ஆகாது. மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகுது, அந்த ஆவி உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. கரன்ட் இல்லாத ஃபிரிட்ஜ்! கசியறது குறை இல்லை, அதுதான் அதோட வேலை.

நம்ம ஊர்ப் பானைக்குக் குறையறது பேரும் விலையும்தான். பேரு கொஞ்சம் கிடைச்சாச்சு. 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. நம்ம சோழவந்தான் வெத்தலைக்கும் அதே வருஷம்தான். ஆனா குறியீடு பேரைத்தான் காப்பாத்தும், விலையைக் காப்பாத்தாது. விலையை வியாபாரியும் நாமளும்தான் முடிவு பண்றோம்.

இந்தத் தெருப் பிள்ளைங்க பி.காம்., பாலிடெக்னிக்னு உங்க பக்கத்து பெஞ்சிலேயே இருக்கலாம். அதில் தப்பே இல்லை. படிப்பை விட்டுட்டு சக்கரம் சுத்துன்னு சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனா பிடிக்காம ஒரு தொழிலை விடுறது வேற, பிடிச்சிருந்தும் சோறு போடலைன்னு விடுறது வேற. ரெண்டாவதுக்கு நம்ம பேரமும் ஒரு காரணம்.

வாங்கும்போது...

* விரல் மடக்கித் தட்டிப் பாருங்க. கணீர்னா ஓகே. பொத்துனு கேட்டா எங்கேயோ கீறல்.

* சமையலுக்கும் தண்ணிக்கும் பெயின்ட், வார்னிஷ் அடிச்சது வேண்டாம். பளபளப்பு கண்ணுக்கு மட்டும்தான்.

* வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணியில் ஊறப் போடுங்க. குழம்புச் சட்டின்னா அரிசி கழுவின தண்ணியை ஊத்திக் கொதிக்க வெச்சுப் பழக்குங்க.

* ஈரப் பானையில் கை வைக்காதீங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னால் கேளுங்க.

* விலை கேட்கறதுக்கு முன்னாடி 'இது முடிய எத்தனை நாளாகுது?'ன்னு கேளுங்க. பதிலைக் கேட்டப்புறம் பேரம் பேசத் தோணுதான்னு பாருங்க.

கடைக்காரர்கிட்ட சொன்னா வைக்கோல் சுத்திக் கட்டித் தருவார். ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளிடாதீங்க, மடியிலேயே இருக்கட்டும். மதுரை வர்றதுக்குள்ள பக்கத்து சீட் பெரியவர் 'எவ்வளவுப்பா?'ன்னு கண்டிப்பா கேட்பார். விலையைச் சொல்லுங்க. செஞ்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க.