உச்சியில்

நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் சற்று நிற்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். எதிரெதிரான இரண்டு இயக்கங்களுக்கு நடுவே ஓய்வு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பது அவர் வாதம். 1590 வாக்கில் பீஸாவில் இருந்த இளம் கலீலியோ, அச்சுக்குத் தராமல் வைத்திருந்த ஒரு கையெழுத்துப் பிரதியில் இதை மறுத்தார்.

பள்ளிப் பரீட்சையில் நான் அரிஸ்டாட்டில் கட்சி. உச்சியில் வேகம் பூஜ்யம், ஆகவே முடுக்கமும் பூஜ்யம் என்று எழுதியிருந்தேன். விடைத்தாளைத் தரும்போது வாத்தியார் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "அங்க முடுக்கம் இல்லேன்னா இது ஏண்டா திரும்பி வருது?" என்றார். இரண்டும் பூஜ்யமானால் சாக்பீஸ் அந்தரத்திலேயே நின்றிருக்கும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், கையை விட்டது முதல் கைக்குத் திரும்பும் வரை மாறாதது ஒன்றுதான்: வேகத்தை ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் கீழ்நோக்கி மாற்றும் பூமியின் இழுப்பு. வேகம் அற்றுப்போகும் கணத்திலும் அது குறைவதில்லை.

கண் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. வினாடிக்கு 4.9 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து சுமார் 1.2 மீட்டர் ஏறி, ஒரு வினாடியில் கைக்கு வந்துவிடும். அதில் அரை வினாடி, உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிகிறது. நிற்பதாக நாம் பார்ப்பது இந்தத் தயக்கத்தை. கவிதையில் 'உறைந்த கணம்' என்று விமர்சகர்கள் புகழ்வதும் பெரும்பாலும் இதைத்தானோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன். நானும் அப்படிப் புகழ்ந்து எழுதியவன்தான்.

சந்தேகம் கவிதையிலிருந்து வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள், உடம்பு மோசமாகவும் இல்லை, தேறவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். வெளியூரில் இருந்த அண்ணாவுக்குப் போன் செய்து, "அப்படியே இருக்கார், அவசரப்பட்டு வர வேண்டாம்" என்று சொன்னவன் நான். அண்ணா கொள்ளி வைக்கத்தான் வந்தார்.

இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சொன்னது பொய்யும் இல்லை. அந்த மூன்று நாளும் மாற்றம் இல்லை என்பது உண்மை. அதனால் இழுப்பும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பரீட்சையில் இரண்டு மார்க் போன அதே தப்பு.