எப்போது நாறுகிறது?

பாயசத்தில் ஏலக்காயைத் தட்டிப் போடுகிறீர்கள். கமகமவென்று மணம் வரவேண்டிய இடத்தில் லேசாக டீசல் வாடை வந்தால் எப்படி இருக்கும்? பாயசத்தை யாரும் தொட மாட்டார்கள். மளிகைக் கடைக்காரரின் பாடு அன்று திண்டாட்டம்தான். ஆனால் பாவம், அவர் நிரபராதி. குற்றம் நடந்த இடம் மலைமேலே இருக்கும் ஏலக்காய் ஸ்டோர்.

ஸ்டோர் என்றதும் சாமான் விற்கும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் அந்தப் பெயர். போடியை அடுத்த ராசிங்காபுரம் போன்ற அடிவாரத்து ஊர்களில் ஸ்டோரைப் பற்றித் தெரியாதவர் அபூர்வம். சீசன் வந்துவிட்டால் விடியுமுன்பே ஆண்களும் பெண்களும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடுகிறார்கள். பகலெல்லாம் காய் பறிப்பு. அதன் பிறகு ஸ்டோரின் வேலை ஆரம்பமாகிறது. அது ராத்திரி வேலை.

செடியிலிருந்து பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர்தான். அதைப் பத்துப் பங்குக்குக் கொண்டுவர வேண்டும். உத்தேசமாக ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும். வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். நிறம் போனால் விலையும் போச்சு. ஆகவே மூடிய அறையில் தட்டுத் தட்டாகப் பரப்பி, 45 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஆரம்பித்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் பக்குவமாக உலர்த்துகிறார்கள்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? பழைய முறையில், அறைக்கு வெளியே விறகு அடுப்பு இருக்கும். அதன் புகை பெரிய தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வந்து, கூரைக்கு மேலே சிம்னியில் வெளியேறும். குழாய் சுடும்; அறை சூடாகும். இப்போது விறகோடு டீசல் பர்னரும் கேஸ் அடுப்பும் வந்திருக்கின்றன. டீசல் பர்னரில் எண்ணெயைப் பனித்துளி போல் பீச்சி, மின்பொறியால் கொளுத்தி, ஓர் இரும்புப் பெட்டிக்குள் எரிய விடுகிறார்கள். பெட்டிக்கு வெளியே ஓடும் காற்றை புளோயர் விசிறி காய் இருக்கும் அறைக்குத் தள்ளுகிறது.

இதில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். எரிந்த புகையும் காய்க்குப் போகும் காற்றும் ஒரே வீட்டில் இருந்தாலும் முகத்தில் முழிக்காத ஓரகத்திகள் மாதிரி இருக்க வேண்டும். நடுவில் நிற்பது ஓர் இரும்புத் தகடு. அவர்கள் சந்தித்துக்கொண்டால் காய்க்கு வாடை ஏறிவிடும். ஏலக்காய் தன் மணத்தைக் கொடுப்பதில் எவ்வளவு தாராளமோ, பிறர் நாற்றத்தை வாங்கிக்கொள்வதிலும் அவ்வளவு தாராளம்! போடி ஏலத்துக்கு வரும் வியாபாரியின் மூக்கை யாராலும் ஏமாற்ற முடியாது.

ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் பல வருஷங்களாக இத்தகைய ஸ்டோர்களைப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம், “டீசல் நாற்றம் வந்தால் முதலில் எங்கே பார்ப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“எங்கன்னு அப்புறம் பார்க்கலாம் சார். மொதல்ல எப்ப நாறுதுன்னு கேளுங்க” என்றார்.

டாக்டர்கள் கேட்கும் கேள்வி அல்லவா இது! காய்ச்சல் காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா என்று கேட்டு நோயைக் கண்டுபிடிப்பது போல, இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

பர்னர் எரியாதபோதும் வாடை இருந்தால், எண்ணெய்க் குழாயிலோ அதன் இணைப்பிலோ கசிவு என்று அர்த்தம். பற்றவைக்கும்போது மட்டும் வந்து மறைந்தால், எண்ணெய் பீச்சிய உடனே தீப்பிடிக்கவில்லை. நாசில் அழுக்கடைந்திருக்கும் அல்லது பொறி பலவீனமாக இருக்கும். காற்று ஒரு திசையிலிருந்து அடிக்கும்போது மட்டும் வந்தால் சிம்னியைப் பார்க்க வேண்டும். கரி அடைத்திருக்கலாம், குருவி கூடு கட்டியிருக்கலாம், கூரை முகட்டைவிடச் சிம்னி குட்டையாக இருந்து மலைக்காற்று புகையைத் திருப்பி அனுப்பலாம். பர்னர் எரிந்துகொண்டிருக்க, புளோயர் ஓடும்போதெல்லாம் அறைக்குள் புகை வாடை அடித்தால்தான் விஷயம் விபரீதம். நடுவில் நிற்கும் தகடு வெடித்திருக்கிறது. அதற்கு ஒட்டுப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. பர்னரை நிறுத்தித் தகட்டை மாற்றியாக வேண்டும்.

தகடு ஏன் வெடிக்கிறது? இங்கேதான் மின்சாரம் வருகிறது. பர்னர் முழு வேகத்தில் எரியும்போது கரண்டு போனால் தீயும் விசிறியும் ஒன்றாக நின்றுவிடும். ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பின் சூட்டை எடுத்துப் போகக் காற்று இல்லை. இப்படிப் பல முறை நடந்தால் இரும்பும் களைத்துப் போகும். இன்னொன்று, வோல்டேஜ் இறங்கினால் பொறி மங்கும். பொறி மங்கினால் எண்ணெய் வாடை கிளம்பும். நாற்றம் என்று குழாயைத் தேடிப் போனால், காரணம் ஒயரில் இருக்கும்!

தீ பற்றாவிட்டால் சில விநாடிகளில் பர்னர் தானாகவே நின்றுவிடும்படி, தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மின்கண் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணில் கரி படிந்தாலும் பர்னர் நிற்கும். உடனே நம்மவர்கள் ரீசெட் பொத்தானை அழுத்துவார்கள். மறுபடி நின்றால் மறுபடி அழுத்துவார்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒருமுறை பொறி பற்றினால், சேர்ந்த எண்ணெய் அத்தனையும் ‘டமார்’ என்று பற்றிக்கொள்ளும். எண்ணெய் அடுப்பால் வீட்டையே சூடாக்கும் அமெரிக்கர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம். அதற்கு மேல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

மீன் வாடையோ ரப்பர் கருகும் வாடையோ வந்தால் அது எண்ணெயின் வேலை அல்ல. சுவிட்சோ ஒயர் இணைப்போ சூடேறித் தீய்கிறது. மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்ற யோசனை. மழைக்காலத்தில் கசிவுச் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதே என்று அதைச் சுற்றி நேரே ஒயர் கொடுப்பவர்கள் உண்டு. அது பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவதற்கு அண்ணன். எங்கேயோ ஈரத்தில் மின்சாரம் கசிகிறது என்று அந்தச் சுவிட்ச் கத்துகிறது. கத்துகிறவன் வாயைப் பொத்துவதா பரிகாரம்?

இவ்வளவு நேரம் நாற்றத்தை வைதோம். உண்மையில் நாற்றம் நமக்கு நண்பன். அது வந்து சொல்லிவிடுகிறது. சொல்லாமல் வருகிறவன் ஒருவன் இருக்கிறான்: கார்பன் மோனாக்ஸைடு. போதிய காற்றில்லாமல் எது எரிந்தாலும் இவன் பிறப்பான். நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்வான். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கம்தான் ஆபத்து. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இவனைக் கண்டுபிடிக்கக் கூண்டில் கானரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். 1986-ல்தான் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

மலையில் ஐப்பசி மழையும் குளிரும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ராத்திரிக் காவலுக்கு இருப்பவர் எங்கே படுப்பார்? கதகதப்பாக இருக்கும் ஸ்டோரை ஒட்டித்தான். குளிர் தாங்காமல் கதவையும் சாத்திக்கொள்வார். காய்க்கு வாடை ஏறினால் விலை குறையும். அடுத்த வருஷம் ஈடு கட்டிவிடலாம். அந்த மனிதர் காலையில் எழுந்திருக்காவிட்டால் அடிவாரத்தில் காத்திருக்கும் குடும்பத்துக்கு யார் ஈடு கட்டுவது? ஸ்டோரை ஒட்டிப் படுக்காமல் காவலுக்குத் தனி அறை, காற்றுப் போக ஜன்னல், வாயுவைக் கண்டால் கூவும் சிறு மின்கருவி ஒன்று — ஸ்டோர் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கருவியின் விலை பெரிய விலை அல்ல.

‘நம் வீட்டில் ஏது ஸ்டோர்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறதா? கொடைக்கானலில் குளிருக்குப் பயந்து அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு கதவைத் தாழிடுகிறீர்களா? அங்கேயும் அதே ஆசாமிதான் வருவான். அடுப்பை வெளியே வையுங்கள். கீசரைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். காரணமில்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால் மாத்திரையைத் தேடாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு வாருங்கள்.