15 ஆண்டு மண்

அடக்கத்துக்கு இடம் பார்க்க வேண்டும் என்று வருகிற குடும்பத்திடம் நான் முதலில் சொல்வது, சிங்கப்பூரில் இடம் பார்க்க முடியாது என்பதைத்தான். புதிதாக அடக்கம் செய்ய இந்தத் தீவில் இன்று சுவா சூ காங் கல்லறை ஒன்றே இருக்கிறது. முன்பதிவு கிடையாது. மரத்தடி வேண்டும், அப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றெல்லாம் கேட்டு வாங்க முடியாது. வரிசையில் அடுத்து எந்தக் குழியோ அதுதான்.

அடுத்துச் சொல்ல வேண்டியது இதைவிடக் கடினம். அந்தக் குழியும் 15 ஆண்டுக்குத்தான். 1998இல் வந்த விதி இது. காலம் முடிந்ததும் தோண்டுவார்கள். எரிப்பதற்குச் சமயத்தில் தடையில்லை என்றால் எலும்புகளை எரித்துச் சாம்பலை மாடத்தில் வைக்கலாம். முஸ்லிம்களைப் போல மண்ணில்தான் வைக்க வேண்டும் என்றிருப்பவர்களுக்குச் சிறிய குழியில் மறு அடக்கம் நடக்கும்.

அழுகை ஓயட்டும், பிறகு சொல்லலாம் என்பார்கள் எங்கள் தொழிலில் சிலர். இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மண்ணா நெருப்பா என்று முடிவெடுக்கும்போதே 15 ஆண்டுக் கணக்கும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பெட்டி இறங்கிய பிறகு அது தெரியவந்தால், அம்மாவை இன்னொரு முறை பறிகொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது அவர்களுக்கு.

ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தை மறக்க முடியவில்லை. புளோக்கின் கீழே, பந்தலுக்கு ஓரமாக ஒரு வட்ட மேசை. மூத்த மகள் சொன்னார்: "அண்ணே, அம்மா மண்ணுக்குத்தான் போகணும்னு சொல்லிட்டாங்க." தம்பிக்குத் தகனம் போதும் என்று எண்ணம். பெர்த்திலிருந்து வந்திருந்தவர், மீண்டும் போக வேண்டியவர். நான் 15 ஆண்டு விதியைச் சொன்னதும் அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சளைக்கவில்லை. "அம்மாவுக்கு இது தெரியும். தாத்தாவை பிடாடரியில தோண்டினப்போ அவங்கதானே போய் நின்னாங்க."

பிடாடரி கல்லறை 1972இல் மூடப்பட்டது. 2000களில் அங்கிருந்த எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகள். தன் தகப்பனின் எலும்பு வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த ஒரு பெண், அதற்குப் பிறகும் தனக்கு மண்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்குமேல் தம்பி எதுவும் பேசவில்லை. எனக்கும் வாதாட ஒன்றுமில்லை.

ஒரு கேள்வியை மட்டும் நான் விடுவதில்லை: காலம் முடிந்து அறிவிப்பு வரும்போது யார் போவீர்கள்? அன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கே அதற்குள் வயதாகியிருக்கும். ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். அந்த மேசையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பேத்தி, கையை நிறுத்தாமலே "நான் போறேன் மாமா" என்றாள். அவள் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

தகனம் என்று முடிவானால் பேச்சு வேறு பக்கம் போகும். மாடத்தில் கூடுதல் கட்டணம் கட்டினால் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கேதான் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். இறந்தவருடைய தங்கையோ கணவரோ சக்கர நாற்காலியில் வருபவராக இருந்தால், மேல் வரிசையில் வைத்த படம் அவர் கண்ணுக்கு எட்டாது. ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கை நீட்டச் சொல்லிவிட்டுத்தான் வரிசையை முடிவு செய்வேன். 2021 முதல் சுவா சூ காங்கில் சாம்பலைத் தூவ ஒரு தோட்டமும் இருக்கிறது. தூவியதைத் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளைகளுக்குள் ஒருவர் தயங்கினாலும் அவசரப்பட வேண்டாம் என்பேன், சாம்பல் காத்திருக்கும்.

அடக்கம் முடிந்ததும் குழி எண், தேதி, 15 ஆண்டு முடிகிற மாதம் மூன்றையும் எழுதி, வீட்டுக்கு ஒரு தாளாகக் கொடுக்கிறேன். பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கிற கோப்பில் வையுங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். பேத்திக்குத் தனியாக ஒன்று கொடுத்தேன்.