படத்தைப் பெரிதாக்குவது எப்படி?

மேட்பிளாட்லிபில் படம் சின்னதாகத் தெரிந்தால் பலரும் உடனே ஃபிக்சைஸைக் கூட்டிவிடுகிறார்கள். படம் பெரிதாகிறது; கட்டுரைக்குள் சுருக்கி ஒட்டியதும் எழுத்து பொடிப்பொடியாகிவிடுகிறது. ஃபிக்சைஸ் அங்குலக் கணக்கு. எழுத்தோ பாயிண்ட் கணக்கு, 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். தாள் வளர்ந்தால் எழுத்து கூடவே வளராது. தெளிவு போதவில்லை என்றால் கூட்ட வேண்டியது டிபிஐயைத்தான். (ஒன்றும் சொல்லாவிட்டால் 6.4க்கு 4.8 அங்குலம், டிபிஐ 100.)

நான் பத்தியின் அகலத்தை அளந்து அதையே ஃபிக்சைஸாகக் கொடுப்பேன். வாசிப்பவரின் கண்ணுக்கு நாம் காட்டும் மரியாதை அது. தலைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் லேஅவுட்டை 'கன்ஸ்ட்ரெயிண்ட்' என்று வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். சேமிக்கும்போது 'டைட்' கொடுத்தால் ஓரம் வெட்டப்பட்டு, அளந்து வைத்த அகலமே மாறிவிடும். அதை மட்டும் தவிருங்கள்.