பாயின்ட் கிளியரின் கிராண்ட் ஹோட்டல்

அலபாமாவில், மொபைல் விரிகுடாவின் கிழக்குக் கரையில் பாயின்ட் கிளியர் என்றொரு சின்ன ஊர். 1847-இல் அங்கே தொடங்கிய கிராண்ட் ஹோட்டலின் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது மருத்துவமனையானது. அங்கே உயிர்விட்ட தென்மாநிலப் படைவீரர்களின் கல்லறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. 1944-இல் ராணுவப் பயிற்சி முகாமானது. மரத்தரை கெடக்கூடாதென்று வீரர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டே உள்ளே நடந்தார்களாம்.

அந்தக் கரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கோடையில் சில நாள், விடியலுக்கு முன், அடிநீரில் ஆக்சிஜன் குறைந்து நண்டும் இறாலும் தட்டைமீனும் கரையோரம் வந்து குவியும். 'ஜூபிலி' என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், வாளியும் டார்ச்சுமாக ஊரே ஓடிவரும்.

மீண்டும் ஹோட்டலுக்கு வருவோம். அது ராணுவ முகாமாவதற்கு முன்பே, 1941-இல், ஹோட்டலின் பழைய கட்டடத்துக்குப் பதிலாகப் புதியது எழுந்தது. ஆனால் பழையதன் பைன் மரத்தை வீணாக்காமல், பின்னால் குடில்கள் கட்டப் பயன்படுத்தினார்கள். என் மனசைத் தொட்டது இதுதான். இடிக்கத்தான் வேண்டும் என்றாலும், பழையதில் நல்லதை எடுத்துவைக்கும் அக்கறை எல்லா ஊருக்கும் வேண்டும்.